பலூன் கடைத் துப்பாக்கி கரகரவென்று மடங்கினால்: எண்ணெயா, கிரீஸா, எமரித்தாளா?

மதுரை தமுக்கம் மைதானத்தில் சித்திரைப் பொருட்காட்சி வந்தால் என் மாமா பலூன் சுடும் கடை போடுவார். நான்கு ஏர் ரைஃபிள். எல்லாமே குழலை மடக்கி, 4.5 மி.மீ. குண்டைச் செருகி, நிமிர்த்திச் சுடுகிற ரகம். மடக்கிக் கொடுப்பது மாமாவின் வேலை. கூட்டம் ஏறிய ராத்திரியில், "மாப்ள, தோள்பட்டை கழண்டுரும் போலருக்கு" என்பார். அதற்காகத்தான் இவ்வளவு மெனக்கெட்டேன்.

முதலில் உரசல் எங்கே என்று பாருங்கள். மடக்கும்போது குழலோடு சேர்ந்த லிங்க் என்கிற இணைப்புத் தண்டு, பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளி ஸ்பிரிங்கை அமுக்குகிறது. 'டக்'கென்று விசைக் கொக்கி பிஸ்டனைப் பிடித்த பிறகு நிமிர்த்தும்போது ஸ்பிரிங்கின் பாரம் கைக்கு வராது. அப்போதும் உரசினால் கோளாறு குழல் மடங்கும் கீலிலோ லிங்கிலோதான். மடக்கும்போது மட்டும் உரசினால் பிஸ்டனைச் சந்தேகப்படலாம்.

கீலுக்கு இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும். ஆனால் மைதானத்துப் புழுதி அதில் ஒட்டிக் குழம்பாகி, பழையபடி அரைக்க ஆரம்பிக்கும். தேங்காய் எண்ணெய் இன்னும் மோசம், நாளாக நாளாகப் பிசினாகிவிடும். எண்ணெய் பிஸ்டனுக்கு முன்னாலிருக்கும் காற்றறைக்குள் இறங்கினால் பெரிய வம்பு. பிஸ்டன் பாயும் வேகத்தில் காற்று அமுங்கிச் சூடேறி, அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். டீசல் இன்ஜினில் நடப்பதும் இதுவே. புகையும் பட்டாசுச் சத்தமுமாக வெடித்து, பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கிற வாஷர் கெட்டுப்போகும். எளிதில் பற்றாது என்று சிலிக்கான் எண்ணெயை எல்லா இடத்துக்கும் விடுவார்கள். இரும்போடு இரும்பு தேயும் இடத்தில் அது தாங்காது.

அந்த இடங்களுக்கு மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ்தான் சரி. அதிலிருக்கும் மாலிப்டினம் டைசல்பைடு படலம் படலமாக வழுக்கும், அழுத்தத்தில் பிதுங்கி ஓடாது. பிஸ்டனின் பக்கவாட்டிலும் கீலிலும் மெல்லத் தடவினால் போதும். அள்ளி அப்பினால் அதுவும் முன்னால் போய்ப் புகையும்.

எமரித்தாள் வேலை பொறுமைக்காரர்களுக்கு. லிங்க் ஓடும் பள்ளத்தின் விளிம்பில் ஆலையில் விட்ட பிசிறு இருக்கும். கரகரப்பில் பாதி அங்கேதான். 600, பிறகு 1000 நம்பர் தாளில் எண்ணெய் தொட்டு, நீளவாக்கில் தேய்க்க வேண்டும். தூளை மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் கிரீஸ். காற்றறையின் உள்சுவரைத் தேய்க்காதீர்கள், காற்று கசியும். பிரிக்கும்போது கவனம்: ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கித்தான் உட்கார்ந்திருக்கிறது. கிளாம்ப் போட்டுப் பிடிக்காமல் கழற்றினால் முகத்துக்குப் பாயும்.

ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டிவிடு என்று சொல்பவர்களும் உண்டு. மடக்க லேசாகும், உண்மைதான். குண்டின் வேகமும் சேர்ந்தே குறையும், வெட்டின முனை சுவரைக் கீறும். அதை நான் செய்யமாட்டேன்.

போன வருஷம் இரண்டு துப்பாக்கிக்கு எண்ணெய் மட்டும், இரண்டுக்கு எமரியும் கறுப்பு கிரீஸும் என்று பிரித்துப் பார்த்தோம். ஒரு வாரத்தில் மாமாவின் கை தானாகவே பின்னதுக்குப் போனது. ஸ்பிரிங்கின் கனம் அப்படியேதான் இருந்தது, கரகரப்பு மட்டும் காணோம்.

எந்த வழியானாலும் விசைக் கொக்கியில் எமரி படவே கூடாது. அதன் முனை மழுங்கினால், குண்டு செருகும்போதே கொக்கி நழுவிக் குழல் படாரென்று நிமிர்ந்து விரலை நசுக்கிவிடும். எங்கள் கடையில் குண்டு செருக ஆசைப்படுவது பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள்.