லாங் ஐலண்டில் செய்திக்கு எதை நம்பலாம்?

நியூயார்க் நகரத்தை ஒட்டிக் கிழக்கே நீண்டு கிடக்கிறது லாங் ஐலண்ட். நாசோ, சஃபக் என்று இரண்டு புறநகர் கவுண்டிகள், சேர்த்து ஏறக்குறைய 29 லட்சம் பேர். நகரத்து டிவி நிலையங்கள் எங்களைத் திரும்பிப் பார்ப்பது பெரும்பாலும் ஒரு கொலையோ பனிப்புயலோ வரும்போதுதான். ஆனால் நாசோவில் மட்டும், தனித்தனி வாரியம் நடத்தும் 56 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. 3 டவுன்கள், 2 நகரங்கள், 64 வில்லேஜ்கள் என்று உள்ளாட்சிகள் வேறு. வீட்டு வரியில் பெரும்பங்கு பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறது. நம்மவர்களில் பலர் நல்ல பள்ளிக்காகவே ஹிக்ஸ்வில், சயோசெட் பக்கம் வீடு வாங்கி வந்தவர்கள். அந்தப் பள்ளி வாரியம் கூடும் அறையில் ஒரு நிருபர் உட்கார்ந்திருக்கிறாரா என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. இங்கே இருக்கும் ஊடகங்களை அதை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

முதலில் நியூஸ்டே. 1940-இல் அலிசியா பேட்டர்சன் ஹெம்ப்ஸ்டெட்டில் தொடங்கிய நாளிதழ். அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சர் பரிசு இதுவரை 19. 1996-இல் டி.டபிள்யூ.ஏ. 800 விமானம் சஃபக் கடலோரத்தில் வெடித்து விழுந்தபோது அது தந்த செய்திகளுக்கும் ஒன்று கிடைத்தது. ஆனால் நான் மதிப்பது அதைவிட 2019 நவம்பரில் வந்த, வீடு விற்பனையில் நடக்கும் பாரபட்சம் பற்றிய விசாரணையை. வெள்ளையர் ஒருவர், சிறுபான்மையர் ஒருவர் என்று ஜோடி ஜோடியாக, ஒரே மாதிரி வருமானமும் ஒரே மாதிரித் தேவையும் சொல்லச் சொல்லி, மறைத்து வைத்த கேமராவோடு வீட்டுத் தரகர்களிடம் அனுப்பினார்கள். மூன்று ஆண்டு வேலை. கறுப்பினத்தவரை அனுப்பிய சோதனைகளில் 49 சதவீதத்திலும், ஹிஸ்பானியரை அனுப்பியதில் 39 சதவீதத்திலும், ஆசியரை அனுப்பியதில் 19 சதவீதத்திலும் பாரபட்சத்துக்கான அடையாளம் தெரிந்தது. அந்த 19 சதவீதம் என்பது நம்மைப் போன்றவர்களைப் பற்றிய கணக்கு. தரகர் சில தெருக்களைக் காட்டி சில தெருக்களைக் காட்டாமல் விட்டது ஏன் என்று யோசித்தபடி என் மனைவி அதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். இப்படி ஆண்டுக்கணக்கில் ஆட்களைப் போட்டுத் தோண்டும் வசதி இந்தத் தீவில் வேறு எந்த ஊடகத்துக்கும் இல்லை.

குறையும் உண்டு. சந்தா கட்டாமல் இணையத்தில் அதிகம் படிக்க முடியாது. இரண்டு கவுண்டியையும் ஒரே பத்திரிகை பார்ப்பதால் உங்கள் பள்ளி வாரியக் கூட்டம் அதில் இடம்பிடிக்க ஏதாவது சண்டை நடந்திருக்க வேண்டும்.

டிவி என்றால் நியூஸ் 12. கேபிள்விஷன் நிறுவனர் சார்லஸ் டோலன் 1986 டிசம்பரில் தொடங்கியது. நாள் முழுக்க உள்ளூர்ச் செய்தி மட்டுமே தரும் கேபிள் சேனல் என்பது அமெரிக்காவில் அதற்கு முன் கிடையாது. காலையில் காபி போடும்போது வானிலையும் ரயில் தாமதமும் தெரிந்துகொள்ள இதற்கு ஈடில்லை. தீ விபத்தா, எந்தச் சாலை மூடியிருக்கிறது, பள்ளிக்கு விடுமுறையா, எல்லாம் உடனே வந்துவிடும். அதோடு சரி. அதே தீயை மதியம் வரை திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். தீப்பிடித்த கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தது யார் என்ற கேள்வி அங்கே அபூர்வம்.

இந்த இரண்டும் ஒரு காலத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 2008-இல் 65 கோடி டாலருக்கு நியூஸ்டேயைக் கேபிள்விஷன் வாங்கியது. பத்திரிகையும் டிவியும் ஒரே கையில் இருந்தால் ஒன்றின் தவறை மற்றொன்று சொல்லுமா என்ற கவலை நியாயமானது. 2016-இல் கேபிள்விஷன் ஆல்டிஸ் நிறுவனத்துக்குக் கைமாறியது. அதே ஆண்டு சார்லஸ் டோலனின் மகன் பேட்ரிக் டோலன் நியூஸ்டேயின் பெரும்பங்கை வாங்கியதும் இரண்டும் பிரிந்தன. பிரிந்தது நல்லதே. வெரைசன் நடத்திய போட்டி சேனலான ஃபியோஸ்1 2019-இல் மூடப்பட்டது. இன்று கேபிளில் நியூஸ் 12-க்கு ஈடாக எதிர்நிற்க ஒருவரும் இல்லை.

ரேடியோவின் அருமை சாண்டி புயலில்தான் தெரிந்தது. 2012 அக்டோபர் 29 இரவு தீவில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது வீட்டுக்கு மின்சாரம் போய்விட்டது. டிவியும் இல்லை, இணையமும் இல்லை. காரில் உட்கார்ந்து, பெட்ரோல் தீர்ந்துவிடக் கூடாதே என்று எஞ்சினை அணைத்துவிட்டு, ரேடியோ கேட்டோம். அப்போது கேட்டவற்றில் ஒன்றான டபிள்யூ.சி.பி.எஸ். 880, 2024 ஆகஸ்டில் முழுநேரச் செய்தியை நிறுத்திவிட்டது. இப்போது அந்த வேலைக்கு 1010 வின்ஸ் இருக்கிறது. ஆனால் அது நகரத்து நிலையம். சஃபக்கின் கிழக்குக் கோடிக்கு 88.3-இல் டபிள்யூ.எல்.ஐ.டபிள்யூ. எஃப்.எம். உண்டு. நீரிணைக்கு அக்கரையில் கனெக்டிகட்டில் இருந்து வரும் டபிள்யூ.எஸ்.எச்.யூ.வும் லாங் ஐலண்ட் செய்தியை நிதானமாகச் சொல்லும் பொது வானொலி. 2025 ஜூலையில் பொது ஒலிபரப்புக்கான 110 கோடி டாலர் ஒன்றிய நிதியை ரத்து செய்துவிட்டார்கள். இப்படிப்பட்ட நிலையங்கள் இனி நேயர்கள் கொடுக்கும் பணத்தை முன்னைவிட அதிகமாக நம்பித்தான் ஓட வேண்டும்.

அப்புறம், யாரும் கணக்கில் சேர்க்காத வாராந்தரிகள். மெல்லிய தாள், பள்ளி விளையாட்டுப் படங்கள், பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் சட்ட அறிவிப்புகள். இன்ன முகவரியில் இன்னாருக்குக் கட்டட விதிவிலக்கு வேண்டும், இன்ன தேதி இரவு 7 மணிக்கு விசாரணை, ஆட்சேபம் உள்ளவர்கள் வரலாம். உங்கள் பக்கத்து மனையில் என்ன வரப்போகிறது என்பது முதலில் தெரிவது அந்தப் பொடி எழுத்தில்தான்.

இங்கிருந்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குப் போட்டியிட்ட ஜார்ஜ் சாண்டோஸின் பொய்கள் வெளிப்பட்ட விவகாரத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2022 தேர்தலுக்கு முன்பே, திடீரென்று அவருக்கு இவ்வளவு சொத்து எப்படி வந்தது என்று எழுதியது நார்த் ஷோர் லீடர் என்ற சின்ன வாராந்தரி. அவர் போலி என்று தலையங்கமும் எழுதியது. பெரிய ஊடகங்கள் எடுக்கவில்லை. அவர் ஜெயித்த பிறகு டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியதும் நாடே பேசியது. 2023 டிசம்பர் 1-ஆம் தேதி 311-க்கு 114 என்ற வாக்கில் அவரைக் காங்கிரசில் இருந்து வெளியேற்றினார்கள். நியூஸ்டேயிடம் ஆளும் பணமும் இருந்தும் அது அப்போது கோட்டைவிட்டதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒன்றுக்குத்தான் பணம் கட்ட முடியும் என்றால் நியூஸ்டேக்குக் கட்டுங்கள். அவசரத்துக்கு நியூஸ் 12 போதும், கேபிள் இருந்தால் தனியாகச் செலவில்லை. பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்கட்டும். உங்கள் ஊர் வாராந்தரிக்கும் சந்தா கட்டிவிடுங்கள். மே மாதம் மூன்றாவது செவ்வாயன்று பள்ளி பட்ஜெட்டுக்கு வாக்களிக்கப் போகுமுன் அதன் முந்தைய இரண்டு இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அவற்றை ஃப்ரிட்ஜ் கதவில் செருகி வைக்கிறோம்.