சிங்கப்பூருக்கு இரண்டாம் முறை: எந்தப் பேட்டை, எந்த நடை?

சிங்கப்பூருக்கு முதல் தடவை போகிறவர்கள் பார்ப்பது ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். மெர்லயன், மரீனா பே, செந்தோசா, முஸ்தபாவில் பெட்டி நிரம்பும் வரை ஷாப்பிங், சிராங்கூன் ரோட்டில் சாப்பாடு. அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டாம் முறைக்கு டிக்கெட் போட்டதும், "அந்தச் சின்ன ஊரில் இன்னும் என்ன இருக்கிறது?" என்று வீட்டிலேயே கேட்பார்கள். சென்ற முறை அக்கா வீட்டில் பத்து நாள் தங்கினேன். எழுபத்து மூன்று வயது அப்பாவும் உடன் வந்தார். சுற்றுலாப் பேருந்து நிற்காத ஐந்து இடங்களை நடந்தே பார்த்தோம். கையில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் இருக்கிறது என்றால் எதை எடுப்பது, எதை விடுவது? எனக்கு இதில் உறுதியான கருத்து இருக்கிறது.

முதலில் நேரம். இந்த ஊரில் இடத்தைவிட நேரத்தைச் சரியாகப் பிடிப்பது முக்கியம். பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரிகூட வடக்கே இல்லை, ஆண்டு முழுக்க ஒரே புழுக்கம். கடிகாரத்தையும் சூரியனுக்கு முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதனால் காலை 7 மணிக்குத்தான் விடியும், மாலை 7 மணிக்குத்தான் இருட்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் ஐந்தரைக்கே எழுந்து வாக்கிங் கிளம்பினால் கும்மிருட்டு. பதினொரு மணிக்கு மேல் வெயில் உறைக்கும், பிற்பகலில் பல நாள் இடியோடு மழை கொட்டும். ஆக ஒரு நாளில் கிடைப்பது இரண்டு நடைதான்: ஏழிலிருந்து பத்தரை வரை ஒன்று, ஐந்துக்கு மேல் ஒன்று.

பழைய வீடுகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் இரண்டு இடங்களைச் சொல்வார்கள்: தியோங் பாரு, காத்தோங். இரண்டும் ஒரே மாதிரிதான் என்று நினைத்துத்தான் நானும் போனேன். இல்லவே இல்லை.

தியோங் பாரு அடுக்குமாடிகளின் பேட்டை. சீனத்தின் ஹொக்கியன் பேச்சில் ஒரு பாதியும் மலாயில் ஒரு பாதியுமாக, 'புதிய இடுகாடு' என்று பொருள்படும் பெயர் அது. அந்தப் பழைய இடுகாட்டு நிலப்பகுதியில்தான் 1936 முதல் ஆங்கில அரசின் சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வீடு கட்டியது. இன்று ஊரே குடியிருக்கும் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிகளுக்கு இதுதான் முன்னோடி. வளைந்த மூலைகள், நீளநீளமாக ஓடும் பால்கனிகள், வெள்ளைப் பூச்சு. கப்பல் ஒன்றைக் கரையேற்றி வீடாக்கியதுபோல் இருக்கும். பின்பக்கச் சந்துக்குப் போனால் சுழற்படிகள் வரிசையாக நிற்கும். முன்பக்கத்தைவிட எனக்குப் பின்பக்கம்தான் பிடித்தது. போருக்கு முந்தைய 20 கட்டடங்களை 2003-இல் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்தார்கள். குதிரை லாட வடிவில் ஒரு கட்டடம் இருக்கிறது, எண் 78. ஜப்பானியக் குண்டுக்குப் பயந்து மக்கள் ஒளிந்துகொள்ளக் கட்டிய கூடம் அதன் அடியில் இன்னும் இருக்கிறது. சாதாரண நாளில் உள்ளே விடமாட்டார்கள்.

இவ்வளவும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அதுதான் தியோங் பாருவின் பலமும் பலவீனமும். தெருக்கள் சமதளம், நிழல் உண்டு, சந்தைக்கு மேல்மாடியில் சாப்பாட்டுக் கடைகள். முட்டி வலி உள்ளவரைக் கூட்டிக்கொண்டு போக இதைவிடச் சுலபமான இடம் இல்லை. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், பல கடைகள் மூடியிருக்கும். ஆனால் நடந்து முடித்ததும் கட்டடங்களைப் பார்த்தோம் என்ற நிறைவுதான் வருகிறது. அங்கே வாழ்கிறவர்களைப் பார்த்தோம் என்று தோன்றவில்லை. கீழ்த்தளங்களில் இன்று காபிக் கடையும் கேக் கடையும்தான் கண்ணில் படுகின்றன.

காத்தோங் வேறு. ஜூ சியாட் ரோடும் ஈஸ்ட் கோஸ்ட் ரோடும் சந்திக்கும் அந்தப் பகுதியில் ஒரு காலத்தில் கடல் பக்கத்திலேயே இருந்தது. 1966-இல் தொடங்கி மண் கொட்டிக் கரையைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார்கள். கடலோர வீடுகளாக இருந்தவை இன்று கடலிலிருந்து தள்ளி நிற்கும் வீடுகள். முன்பெல்லாம் இங்கே வர பஸ்தான் வசதி. 2024 ஜூனில் மரீன் பரேட் வரை எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) வந்துவிட்டது, அங்கிருந்து இருபது நிமிட நடையில் கூன் செங் ரோடு. பச்சை, ரோஜா, மஞ்சள், வெளிர்நீலம் என்று எதிரெதிரே இரண்டு வரிசை வீடுகள்.

போட்டோவில் நிறம்தான் தெரியும். கிட்டப் போய்ப் பாருங்கள். சுவரின் கீழ்ப்பாதியில் பூ வேலை செய்த ஓடுகள் பதித்திருப்பார்கள், ஒவ்வொன்றும் ஒரு சாண் இருக்காது, நடுவில் இதழ் புடைத்து நிற்கும். வாசலில் இரண்டு அடுக்குக் கதவு. உள்ளே கனமான முழுக்கதவு, வெளியே மார்பளவுக்குச் செதுக்கு வேலையோடு ஆடும் அரைக்கதவு. அதைப் பிந்து பகார் என்கிறார்கள், வேலிக்கதவு என்று பொருள். முழுக்கதவைத் திறந்து வைத்து அரைக்கதவை மட்டும் சாத்தினால் காற்று வரும், தெருவில் போகிறவர் கண்ணுக்கு வீடு தெரியாது. நீண்டு போகும் வீட்டின் நடுவில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வானம் பார்த்த முற்றம். நம் ஊர்ப் பழைய வீட்டில் வளர்ந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். அப்பா அரைக்கதவைப் பார்த்த உடனே, "கும்பகோணத்தில் அத்தை வீட்டில் இப்படித்தான் அழிக்கதவு இருக்கும்" என்றார். ஒன்று மட்டும்: இவை குடும்பங்கள் வாழும் வீடுகள். படியேறி நின்று போட்டோ எடுக்காதீர்கள், தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று எடுங்கள்.

இந்த வீடுகளோடு சேர்த்துச் சொல்லப்படும் பெரானாக்கான் என்ற சொல், வெளியூரிலிருந்து வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்தவர்களின் வழிவந்தவர்களைக் குறிப்பது; அதைச் சீன வம்சாவளியினருக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். மலாக்காவுக்கு வணிகம் செய்யப் போன தமிழர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான மலாக்கா செட்டிகளும் பெரானாக்கான்கள்தான். பேச்சில் தமிழ் போய்விட்டது, வீட்டில் மலாய் கலந்த ஒரு மொழி. சாமி மட்டும் மாறவில்லை. இங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் சிலோன் ரோடு, அங்கே செண்பக விநாயகர் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குளக்கரையில் செண்பக மரத்தடியில் கிடைத்த பிள்ளையாருக்கு இலங்கைத் தமிழர்கள் எழுப்பி வளர்த்த கோயில். சிராங்கூன் ரோட்டுக் கோயில்களின் நெரிசல் இங்கே கிடையாது. மாலை தீபாராதனைக்குப் போனோம். யாழ்ப்பாணத் தமிழும் ஆங்கிலமுமாகப் பாட்டியும் பேத்தியும் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டபடி அரை மணி உட்கார்ந்திருந்தோம்.

சாப்பாட்டிலும் எனக்குக் காத்தோங்தான். சேமியாபோல் தெரியும் அரிசி நூடுல்ஸைத் துண்டு துண்டாக வெட்டி, கரண்டியாலேயே அள்ளிச் சாப்பிடும்படி தரும் தேங்காய்ப்பால் லக்சா இங்கேதான் பேர்போனது. சைவக்காரர்கள் தொட வேண்டாம், குழம்பிலேயே இறால் இருக்கும். அவர்களுக்கு ஓண்டே ஓண்டே. பச்சை நிற உருண்டை, மேலே தேங்காய்ப்பூ, கடித்ததும் உள்ளிருந்து பனைவெல்லப் பாகு தெறிக்கும். அப்பா மூன்று சாப்பிட்டார்.

ஆக இந்த இரண்டில் ஒன்று என்றால் காத்தோங், அதுவும் மாலையில். பாதி நாளில் விமானம் பிடிக்க வேண்டும், பெரியவர் அதிகம் நடக்க மாட்டார் என்றால் தியோங் பாரு.

பசுமையான நடைக்கும் இதேபோல் இரண்டு போட்டியாளர்கள். சதர்ன் ரிட்ஜஸ் எல்லாருக்கும் தெரிந்தது. மவுண்ட் ஃபேபரில் தொடங்கி குன்று குன்றாகப் பாலம் போட்டு இணைத்த 10 கிலோமீட்டர் பாதை. நடுவில் ஹெண்டர்சன் வேவ்ஸ், 274 மீட்டர் நீளம், சாலைக்கு 36 மீட்டர் உயரத்தில் அலைபோல் மடிந்து மடிந்து போகும் பாலம். 2008-இல் திறந்தார்கள். தரை முழுக்கப் பலகை. அலை மடிந்து மேலே எழும் இடங்களில் உட்கார இடம் விட்டிருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தால் பகல் முழுக்க வாங்கிய சூடு மாலை ஆறரைக்கும் பலகையில் மிச்சம் இருந்தது. ஒரு பக்கம் துறைமுகக் கிரேன்கள், மறுபக்கம் அடுக்குமாடிகளின் கொடியில் துணி. இருட்டியதும் வளைவுகளில் விளக்கு போடுவார்கள். ஹார்பர்ஃபிரண்டிலிருந்து ஏறினால் படிகள் அதிகம், பெரியவர்கள் இருந்தால் ஃபேபர் உச்சி வரை டாக்சியில் போய் அங்கிருந்து நடப்பது நல்லது. அப்புறம் வரும் ஃபாரஸ்ட் வாக் கம்பித்தட்டிப் பாதை. காலடியில் காடு தெரியும், தலைசுற்றல் உள்ளவர்கள் தவிர்க்கலாம்.

அழகு என்று பார்த்தால் சதர்ன் ரிட்ஜஸ்தான் ஜெயிக்கும், மறுக்க மாட்டேன். ஆனாலும் என் ஓட்டு ரயில் காரிடாருக்கு.

உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை ஊரை நெட்டுக்குத்தாக அறுத்துப் போன மலாயா ரயிலின் தடம் அது, 24 கிலோமீட்டர். சிங்கப்பூர் தனி நாடான பிறகும் அந்தத் தண்டவாள நிலம் மலேசியாவின் கையில்தான் இருந்தது. இரண்டு அரசுகளும் பேசி முடித்து, 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் கிளம்பியது. அதை எல்லைக்கு அப்பால் இருக்கும் மலேசிய மாநிலமான ஜொகூரின் சுல்தான் இப்ராகிமே ஓட்டிப் போனார். தண்டவாளத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு அந்த மண்ணை நடைபாதையாக விட்டிருக்கிறார்கள். முழுவதும் நடக்க வேண்டாம். ஹில்வியூ எம்ஆர்டியில் இறங்கி, ரயில் மால் பக்கத்துக் கறுப்பு இரும்புப் பாலத்தில் ஏறி, தெற்கே பழைய புக்கித் தீமா ஸ்டேஷன் வரை வந்தால் போதும். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி பக்கத்திலேயே இருக்கிறது. ஏற்றம் இல்லை, படி இல்லை. ஒரு பக்கம் புக்கித் தீமா காடு, குரங்குகள் உண்டு, கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம். இருவாச்சி ஒன்று எங்கள் தலைக்கு மேல் பறந்தது. மழை பெய்த மறுநாள் சேறாக இருக்கும். வழியில் கழிப்பறை குறைவு, அதனால் கிளம்பும் முன்பே போய்விட்டு வாருங்கள்.

புக்கித் தீமா ஸ்டேஷன் 1932-இல் கட்டியது, செங்கல்லில் ஒரு சின்னக் கட்டடம். 2022-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். ஊழியர் குடியிருப்பு இருந்த வீட்டில் இப்போது காபி கிடைக்கிறது. பிளாட்பாரம் ஓரம் கொஞ்சம் தண்டவாளத்தை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள். அப்பா ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர், விழுப்புரம்–மாயவரம் மெயின் லைனில் ஸ்டேஷன் மாஸ்டர். தண்டவாளத்துக்கு நடுவில் இறங்கி நின்று, ஒரு காலை நீட்டி அளந்து பார்த்தார். "இது நம்ம மீட்டர் கேஜ்ம்மா" என்றார். ஆமாம், மலாயா ரயில் முழுக்க மீட்டர் கேஜ்தான், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர். ஒற்றைத் தடம் என்பதால், கடைசி நாள் வரை இங்கே அந்தத் தடத்தில் போக அனுமதியான டோக்கனை வளையத்தில் மாட்டி டிரைவரிடம் கைமாற்றித்தான் வண்டியை விட்டார்கள் என்று சொன்னேன். அப்பா உடனே பிளாட்பார விளிம்புக்குப் போய், எப்படிக் கையை நீட்டி நிற்க வேண்டும், ஓடும் வண்டியிலிருந்து வளையம் தோளில் வந்து விழும்போது எப்படி உடம்பைத் திருப்ப வேண்டும் என்று செய்து காட்டினார். இந்த ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராகவும் குமாஸ்தாவாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் வேலை பார்த்திருக்கிறார்கள், தடம் போட்டவர்களிலும் பராமரித்தவர்களிலும் தமிழ்நாட்டுக் கூலிகள் ஏராளம். அந்தப் பிளாட்பாரத்தில் அதைத் தனியாக யாரும் எனக்குச் சொல்லவில்லை, அப்பாவின் கை சொன்னது.

ஐந்தாவது உபின் தீவு. இதை மற்றவற்றோடு ஒப்பிடுவதே கொஞ்சம் அநியாயம், ஏனென்றால் முழுநாள் கேட்கும். சாங்கி படித்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும், கால அட்டவணை கிடையாது, சில வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்), சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். கருங்கல் வெட்டிய தீவு அது. ரயில் ஓடிய ஜொகூர் பாலத்துக்கும் இங்கிருந்து கல் போயிருக்கிறது. வெட்டிய குழிகள் இப்போது ஏரிகள். கிழக்கு முனையில் செக் ஜாவா. மண் கொட்டி மூடத் திட்டமிட்டிருந்து, மக்கள் குரல் கொடுத்ததால் 2001-இல் ஒத்திவைத்த கடற்கரை. நீர் வற்றும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போனால்தான் அதன் அருமை தெரியும். சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் இருக்கும் குடும்பம் என்றால் வேறு எதையும் யோசிக்காமல் இங்கே போங்கள். மாலை ஐந்துக்குள் படித்துறைக்குத் திரும்பிவிடுங்கள்.

சிங்கப்பூரின் பெரிய தீவில் மிஞ்சிய கடைசிக் கிராமமான லோரோங் புவாங்கோக்கையும் சிலர் பட்டியலில் சேர்க்கிறார்கள். நான் போகவில்லை. சில குடும்பங்களின் வாசலுக்கு முன்னால் போய் நின்று வேடிக்கை பார்க்க மனம் வரவில்லை.

ஒரே நாள் இருந்தால் நான் சொல்வது: காலை 7 மணிக்கு ஹில்வியூவிலிருந்து ரயில் தடம், பத்துக்கு ஸ்டேஷனில் காபி, பகலில் வீட்டுக்குப் போய் ஓய்வு, ஐந்துக்குக் காத்தோங், ஏழுக்குச் சிலோன் ரோடு தீபாராதனை. இரண்டாவது நாள் கிடைத்தால் குழந்தைகளோடு உபின், பெரியவர்களோடு ஹெண்டர்சன் வேவ்ஸ். மறுபடி போனால் நான் முதலில் கூன் செங் ரோட்டுக்குத்தான் போவேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் நடக்காமல் விட்ட வடக்குப் பாதி, உட்லண்ட்ஸ் வரைக்கும், அதை முடிக்க வேண்டும் என்கிறார்.