தலைமாட்டுக்கு ஒரு அலாரம் கடிகாரம்

என் படுக்கையறைக்குள் போன் நுழைந்தது ஒரே காரணத்துக்காகத்தான்: காலை 5.30 அலாரம். அதை நிறுத்தக் கையில் எடுப்பேன். எழுந்து உட்காருவதற்குள் யாரோ இருவர் போட்ட சண்டையை முழுக்கப் படித்திருப்பேன். பொழுது விடியும் முன்பே மனசு கசந்துவிடும்.

திரைநேர வரம்பு வைத்துப் பார்த்தேன். 2018இல் ஆப்பிளும் கூகுளும் கொண்டுவந்த வசதி அது. எவ்வளவு நேரம் போகிறது என்று தெரிந்துகொள்ள நல்லது. ஆனால் பூட்டும் என் கையில், சாவியும் என் கையில். போனை அறையை விட்டே வெளியேற்ற வேண்டுமென்றால், அதனிடமிருந்து அலாரம் வேலையைப் பிடுங்க வேண்டும் என்று புரிந்தது. அப்படித்தான் இந்தக் கடிகாரம் வந்தது. வந்து நான்கு மாதம் ஆகிறது.

உள்ளங்கையில் அடங்கும் சதுரம், ஒரே ஒரு ஏஏ பேட்டரி. பின்னால் இரண்டு திருகுகள், ஒன்று நேரத்துக்கு, ஒன்று அலாரத்துக்கு. அலாரத் திருகை அம்புக்குறி காட்டும் பக்கம் மட்டும் திருப்புங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அலாரம் துல்லியமாக அடிக்காது. 5க்கும் 6க்கும் நடுவிலுள்ள அந்தச் சின்ன இடைவெளியில் 5.30ஐக் கண் மதிப்பில்தான் வைக்க முடியும். எனக்கு 5.22க்கு அடிக்கிறது, பழகிவிட்டது. முள்ளுக்குக் காலை, மாலை வித்தியாசமும் தெரியாது. மதியமே ஸ்விட்சைப் போட்டுவிட்டால் சாயங்காலமே அலறும். படுக்கப் போகும்போது போட்டால் போதும்.

சத்தத்தை மட்டும் கடையிலேயே காதருகே வைத்துக் கேட்டுப் பாருங்கள். உள்ளே குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை எண்ணி, நொடிக்கு ஒரு முறை மோட்டார் முள்ளைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல்தான் டிக் டிக். பகலில் காதில் விழாது, நிசப்தமான இரவில் சுத்தியல் அடிப்பது போலிருக்கும். நான் முதலில் வாங்கியதை இதற்காகவே மாற்றினேன். நொடி முள் நிற்காமல் வழுக்கி ஓடும் வகை அமைதியானது.

ராத்திரி அவசர அழைப்பு வந்தால்? எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது. போன் இப்போது கூடத்தில் சார்ஜில் கிடக்கிறது, ஒலி முழு அளவில். தொந்தரவு வேண்டாம் அமைப்பில் அம்மாவின் எண்ணுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறேன். கதவைத் திறந்து வைத்தால் நன்றாகவே கேட்கிறது, இரண்டு முறை சோதித்தும் பார்த்தேன்.

அப்புறம், முட்களில் பூசிய ஒளிர்பூச்சு நள்ளிரவுக்குள் மங்கிவிடும். மேலே அழுத்தினால் விளக்கு எரியும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். நேற்று நடுவில் விழிப்பு வந்தது. அழுத்தினேன், 2.40. விளக்கு அணைந்தது, புரண்டு படுத்தேன்.