ஜார்ஜ் டவுன் பட்டறையில் செய்வித்த தோல் கத்தி உறை: ஒரு மதிப்புரை

மலேசியாவின் பினாங்குத் தீவில், பாலிக் புலாவில் உள்ள எங்கள் குடும்பத் தோட்டத்தில் கிளை கழிக்கவும் கயிறு அறுக்கவும் புழங்கும் கரிம எஃகுக் கத்தி ஒன்றுக்கு, சூலியா வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இயங்கும் சிறு பட்டறையில் தோல் உறை செய்வித்தேன். பெயர்ப்பலகைகூட இல்லாத அந்தப் பட்டறையில் ஒரே ஒருவர்தான் வேலை செய்கிறார். அளவெடுப்பது முதல் மெழுகு தேய்ப்பது வரை அனைத்தும் அவர் கைவேலை. ஒரு மழைக்காலம் முழுவதும் இடுப்பில் கட்டிப் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். கொடுத்த 280 ரிங்கிட் தகும் என்பதே என் முடிவு. அந்தப் பணத்துக்கு ஈடான உழைப்பில் பெரும்பகுதி வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படாத இடங்களில் இருப்பதால், அவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தோலைத் தேர்வதில் தொடங்குகிறது அந்த உழைப்பு. குரோமிய உப்பால் பதனிட்ட தோல் மென்மையானது, விலை குறைந்தது. ஆனால் நனைத்து வடிவம் கொடுத்தால் அந்த வடிவம் நிற்காது, அதில் எஞ்சிய உப்பு எஃகில் துருவேற்றவும் கூடும். இவர் எடுத்தது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட, 3.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள மாட்டுத்தோல். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோல் பதனிட்டு வந்த முறையும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். பட்டையின் துவர்ப்புச் சத்து தோலின் நார்களோடு பிணைந்துகொள்வதால், ஈரத்தில் இளகும் தோல் காயும்போது கொடுத்த வடிவத்திலேயே விறைத்து நிற்கிறது.

என்னை மிகவும் கவர்ந்தது உறைக்குள் ஒளிந்திருக்கும் நடுப்பட்டை. ஒரு தோலை மடித்து ஓரத்தைத் தைத்துவிட்டாலே உறை ஆகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படிச் செய்த உறையில் கத்தியை ஒவ்வொரு முறை செருகும்போதும் அதன் கூரான விளிம்பு நேராகத் தையல் நூலில் போய் உராயும். நாளடைவில் நூல் அறுந்து, ஒருநாள் கத்தி தோலைப் பிளந்துகொண்டு வெளியே வரும். இதைத் தடுக்க, இரு மடிப்புகளுக்கும் நடுவே, கூர் இருக்கும் பக்கம் முழுவதும், அதே தோலில் வெட்டிய ஒரு பட்டையை வைத்து ஒட்டித் தைக்கிறார்கள். கூரான விளிம்பு அந்தப் பட்டையில்தான் படும், நூல் அதற்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். என் உறையில் இந்தப் பட்டை வாய்ப்பகுதியில் இரண்டு அடுக்காக இருக்கிறது. கத்தி சற்றுச் சாய்ந்து நுழைந்தாலும் முதல் வெட்டைத் தாங்க வேண்டிய இடம் அதுவே என்று அவர் விளக்கினார். எங்கே உறை வாங்கினாலும் வாயில் விளக்கடித்து உள்ளே பாருங்கள். நடுப்பட்டை இல்லாத உறைக்கு எந்த விலையும் அதிகம்தான்.

தையல், ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராகச் செலுத்தும் இரட்டை ஊசித் தையல். இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கவ்வி நிற்பதால் ஓரிடத்தில் அறுந்தால் வரிசை பிரியத் தொடங்கும். இதில் ஒரு தையல் போனாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். மெழுகிட்ட நூல் தோலில் வெட்டிய காடிக்குள் அமர்ந்திருப்பதால் வெளியே உரசித் தேய்வதில்லை. பின்பக்கமும் வரிசை கோணாமல் வந்திருக்கிறது. மூன்று அடுக்குத் தோலில் குத்தூசியைச் சாயாமல் இறக்கத் தெரிந்தவருக்குத்தான் அது வாய்க்கும்.

வடிவம் கொடுப்பதில் புதிதாக ஒன்றுமில்லை: தைத்த உறையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நெகிழித் தாள் சுற்றிய கத்தியைச் செருகி, விரலாலும் எலும்புக் கருவியாலும் அழுத்திவிட்டுக் காயவைக்கிறார். ஆனால் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் பினாங்கில் அது காய்வதற்குப் பொறுமை வேண்டும். வெயிலிலோ சூட்டிலோ வைத்தால் தோல் சுருங்கி மொரமொரப்பாகிவிடும் என்பதால் மின்விசிறிக் காற்றில் மட்டுமே வைக்கிறார். சொன்ன தேதி தள்ளிப்போனதற்கு இதையே காரணமாகச் சொன்னார். நான் ஏற்றுக்கொண்டேன், ஆனாலும் அதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

விளிம்பு வேலையை நான் பட்டறையில் உட்கார்ந்தே பார்த்தேன். மூன்று அடுக்குகளும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை உப்புத்தாளால் தேய்த்து, மேல் கீழ் முனைகளைச் சிறு உளியால் மழித்து உருட்டி, நீர் தொட்டு மறுபடியும் நயமான தாளால் தேய்த்து, பிசின் தடவி, காடி வெட்டிய மரக்கட்டையால் விளிம்பு சூடேறும்வரை உரசினார். பிறகு தேன்மெழுகு, மறுபடியும் உரசல். முதலில் பிசிறாகத் தெரிந்த நார்கள் படிப்படியாக அமுங்கி, எங்கே ஒரு தோல் முடிந்து மற்றது தொடங்குகிறது என்று சொல்ல முடியாத கருங்காலி மினுக்கம் வந்தது. இது அழகுக்கு மட்டும் செய்வதல்ல. தோல் நீரை வேகமாக உறிஞ்சுவது வெட்டிய விளிம்பு வழியாகத்தான். அது அடைபட்டால் மழையில் அடுக்குகள் ஊறிப் பிரிவது குறையும். அவ்வளவு மழைக்குப் பிறகும் என் உறையின் விளிம்பு பிளக்கவில்லை. உறைவாயின் உட்புற ஓரம் மட்டும் இதே கவனத்தைப் பெறவில்லை. அங்கே நார் எழும்பத் தொடங்கியிருக்கிறது.

இன்னொரு குறை, கைப்பிடியைப் பிடித்து நிறுத்தும் வாரில் வைத்த பித்தளை பிரஸ் பட்டன். தோலில் உள்ள எண்ணெயும் ஈரமும் பட்டு அதைச் சுற்றிப் பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. உறை கத்தியை இறுகப் பிடித்திருக்கும்போது அந்த வாரே தேவையில்லை. செய்யக் கொடுப்பவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அல்லது துருப்பிடிக்காத எஃகில் கேட்கலாம். நுனியில் ஒரு சிறு வடிகால் துளை இடச் சொல்வதும் நல்லது. என் உறையில் அது இல்லை.

உறைவாயின் உள்ளே கருநீலக் கறை படிந்திருப்பதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஈரக் கத்தியின் இரும்பும் தோலின் துவர்ப்பும் சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் கலந்து மை காய்ச்சியதும் இதே வினையால்தான். கத்தியைத் துடைத்து, எண்ணெய் தொட்டுச் செருகினால் கறை பரவாது. வேலை முடிந்ததும் கத்தியை உறையிலேயே விட்டுவைக்கவும் கூடாது. எத்தனை நல்ல தோலாக இருந்தாலும் நம் தட்பவெப்பத்தில் அது ஈரத்தைப் பிடித்துவைத்து எஃகைத் துருவாக்கும். பட்டறைக்காரரும் இதைச் சொல்லித்தான் உறையைக் கையில் கொடுத்தார்.

சமையலறை இழுப்பறையில் கிடக்கும் கத்திக்கு இந்தச் செலவு வேண்டியதில்லை. அட்டை உறையே போதும். தோட்டத்திலோ காட்டிலோ நாள் முழுவதும் இடுப்பில் கத்தி கட்டுபவர்கள் இவரிடம் தயங்காமல் கொடுக்கலாம். நியாயமான காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதை மலேசியாவின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்குகிறது. ஆகவே அளவுக்குக் கத்தியைக் கொண்டுபோகும்போது துணியில் சுற்றிப் பைக்குள் வைத்து நேரே பட்டறைக்குச் செல்லுங்கள். காகிதத்தில் வரைந்த அளவை அவர் ஏற்பதில்லை, கத்தியையே கேட்பார்.