மடங்கும் உலோகக் கூரை: சிலிண்டரை மாற்றுவதா, சீலை மட்டும் மாற்றுவதா?

1996-இல் வந்த மெர்சிடீஸ் எஸ்எல்கே (ஆர்170), பொத்தானை அழுத்திப் பிடித்தால் 25 நொடியில் தன் இரும்புக் கூரையை மடித்து டிக்கிக்குள் போட்டுக்கொள்ளும். அந்த மாடலின் உற்பத்தி 2004-இல் நின்றது. கடைசியாக வந்த வண்டிக்கே இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. அதன் வாரிசான ஆர்171, பெரிய எஸ்எல் (ஆர்230), பிஎம்டபிள்யூ இசட்4 (இ89), ஃபோக்ஸ்வாகன் இயோஸ், பெஜோ 206 சிசி என எதை எடுத்தாலும் கூரையைத் தூக்குவது ஹைட்ராலிக் எண்ணெய்தான். பம்ப் எண்ணெயைச் சிலிண்டருக்குள் அழுத்தும், உள்ளே இருக்கும் பிஸ்டன் நகர்ந்து தன் தண்டால் கூரையைத் தள்ளும், எண்ணெய் கசியாமல் தடுப்பது சீல் என்ற வளையம். வயதானால் வரும் நோயும் ஒரே மாதிரிதான். கூரை மெதுவாக எழும், ஒரு பக்கம் பின்தங்கும், பாதியில் நின்றுவிடும், டிக்கி விரிப்பைத் தூக்கினால் எண்ணெய் பிசுபிசுக்கும்.

அந்த நிலையில் நான்கு வழிகள் உண்டு. புதிய சிலிண்டர் வாங்கலாம். உடைப்புக்குப் போன வண்டியிலிருந்து கழற்றியதை வாங்கலாம். சீல் வாங்கி நாமே மாற்றலாம். சிலிண்டரைக் கழற்றி, சீல் மாற்றுவதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு அனுப்பலாம். பெரும்பாலான வண்டிகளுக்கு நான்காவதே சரி என்பது நம் முடிவு. ஆனால் எண்ணெய்ப் பக்கக் கோளாறு என்று உறுதியான பிறகுதான் இந்தக் கேள்விக்கே வர வேண்டும்.

கோளாறு எங்கே?

பொத்தானை அழுத்தி, காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பம்ப் சத்தமே வரவில்லை என்றால் சிலிண்டரைத் தொட வேண்டாம். பேட்டரி, ஃபியூஸ், ரிலே, கூரையின் நிலை காட்டும் சுவிட்சுகள் (மைக்ரோசுவிட்ச்) என்று மின்சாரப் பக்கம் போங்கள். எஸ்எல்கே-யில் டிக்கிக்குள் உள்ள சுருள் திரை அதன் கொக்கியில் மாட்டியிருக்காவிட்டால் கூரை அசையாது. பெட்டி வைக்க அதைக் கழற்றிவிட்டு மறந்தவர்கள் இதற்காகவே ஒர்க்‌ஷாப் வரை போனதுண்டு. பேட்டரி பலவீனமாக இருந்தாலும் பம்ப் தொடங்கி நின்றுவிடும். இன்ஜினை ஓடவிட்டு ஒருமுறை முயன்று பாருங்கள்.

பம்ப் ஓடுகிறது, கூரை எழவில்லை என்றால் எண்ணெய் அளவைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் வெளிக்கசிவு. சிலிண்டர் தண்டு வெளியே வரும் வாய், ஹோஸ் சேரும் இடம், பம்பின் இணைப்புகள் என்ற வரிசையில் தேடலாம். அளவு குறையவே இல்லை, ஆனாலும் கூரை சோர்ந்து எழுகிறது, பாதியில் விட்டால் மெல்லக் கீழே இறங்குகிறது என்றால், பிஸ்டன் சீலைத் தாண்டி எண்ணெய் உள்ளுக்குள்ளேயே மறுபக்கம் போகிறது. அல்லது பம்பின் வால்வு சரியாக மூடவில்லை. ஒரு பக்கம் மட்டும் பின்தங்கினால் அந்தப் பக்கத்துச் சிலிண்டர்தான் முதல் சந்தேகம். இந்த நிலையில் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தக் கூடாது. நல்ல பக்கம் தள்ள, கெட்ட பக்கம் இழுக்க, கூரைச் சட்டமே முறுக்கிக்கொள்ளும். சிலிண்டரின் விலையெல்லாம் அதற்குப் பிறகு சில்லறை.

நான்கு வழிகள்

இந்தச் சிலிண்டர்களில் உலோகம் தேய்வது மிக அபூர்வம். கூரை ஆண்டுக்குச் சில நூறு முறை திறந்தாலே அதிகம். கெடுவது சீல். அந்தக் காலச் சிலிண்டர்கள் பலவற்றில் உள்ள பாலியூரிதேன் சீல், வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ஓட்டம் இல்லாமலே சிதையும். சிலது இறுகி நொறுங்கும், சிலது களியாகக் குழைந்து தண்டோடு ஒட்டிக்கொண்டு வரும். கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டி என்பதால் சீல் நன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். எஸ்எல் ஆர்129 துணிக்கூரை வண்டியாக இருந்தாலும் அமைப்பு இதே வகைதான். அதில் முன்கண்ணாடிச் சட்டத்துக்கு மேலுள்ள பூட்டுச் சிலிண்டர் கசிந்து ஓட்டுநர் தலையில் எண்ணெய் சொட்டுவது பேர்போன வியாதி.

இதை மனதில் வைத்தால் உடைப்புக் கடைச் சிலிண்டரின் மதிப்பு விளங்கும். நம் வண்டியில் கெட்ட சீலுக்கு என்ன வயதோ, அதே வயதுதான் அதற்கும். மேசை மேல் வைத்துப் பார்த்தால் கசியாது. 100 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேல் அழுத்தம் ஏறி, ஒரு கோடை கழிந்ததும் கசியும். தண்டு வளைந்தோ காதுப்பகுதி உடைந்தோ போன சிலிண்டருக்கு உடலாகப் பயன்படுத்த மட்டும் அதை வாங்கலாம், சீலைப் புதிதாகப் போட்டுக்கொண்டு.

புதிய சிலிண்டர் நான்கு வழிகளிலும் விலை கூடியது. கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது என்பதே அதன் பலம். பலவீனத்தை யாரும் கேட்பதில்லை: அட்டைப் பெட்டிக்குள் எத்தனை ஆண்டு இருந்தது? உற்பத்தித் தேதி உடலிலோ லேபிளிலோ இருக்கும். வாங்கும் முன் கேளுங்கள். பழைய சரக்கு என்றால் உள்ளே இருப்பது பழைய சீல். பழைய மாடல்களுக்குச் சில சிலிண்டர்கள் தனியாகக் கிடைக்காமல் முழுத் தொகுதியாகத்தான் வரும். அப்போது விலை வண்டியின் மதிப்பையே எட்டிப் பார்க்கும்.

நாமே சீல் மாற்றுவதில் செலவு மிகக் குறைவு, ஆபத்து அதிகம். சிலிண்டரின் வாய் எப்படி மூடப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். கம்பி வளையம் போட்ட வகை என்றால் வீட்டில் முடியும். வாய்விளிம்பை மடித்து நசுக்கி மூடிய வகை என்றால் முடியாது. லேத்தில் விளிம்பைச் சீவி, பிறகு மூட வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த வேலையைப் பழகாத பட்டறையில் கொடுத்தால் சிலிண்டர் போனது போனதுதான்.

கம்பி வளைய வகையில் வேலை இப்படிப் போகும். பம்பில் உள்ள அழுத்த விடுவிப்புத் திருகைக் கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். அதற்கு முன்பே கூரைக்கும் டிக்கி மூடிக்கும் மரக்கட்டை முட்டுக் கொடுத்திருக்க வேண்டும், ஏனென்றால் அழுத்தம் போனதும் இரண்டும் தம் எடைக்கு இறங்கும். ஹோஸ்களில் எது எந்தத் துளைக்கு என்று டேப் ஒட்டி எழுதிவிட்டுக் கழற்றுங்கள். இரண்டு ஹோஸ் இடம் மாறினால் சிலிண்டர் தலைகீழாக வேலை செய்யும், கூரை டிக்கி மூடியில் மோதும். கழற்றிய சிலிண்டரில் தலைப்பாகத்தை, அதாவது தண்டு வெளிவரும் வாயின் மூடியை, சில மி.மீ. உள்ளே தள்ளினால் கம்பி வளையம் வெளிப்படும். அதை எடுத்த பிறகு தண்டைப் பிடித்து இழுத்தால் தலைப்பாகமும் பிஸ்டனும் கூடவே வரும்.

தண்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கும் அளவுக்குக் கீறலோ துருக்குழியோ இருந்தால் எந்தப் புதுச் சீலும் நிற்காது. அந்தச் சிலிண்டருக்கு மாற்று உடல் தேடுவதே வழி. தண்டு சுத்தமாக இருந்தால் அதன் விட்டம், சீல் உட்காரும் பள்ளத்தின் விட்டம், அகலம் மூன்றையும் வர்னியரில் அளந்துகொள்ளுங்கள். சிதைந்த பழைய சீலை அளந்து புதியது வாங்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு, ஏனென்றால் அது ஊதியோ சுருங்கியோ இருக்கும். தண்டுச் சீல், தூசி துடைக்கும் சீல், தலைப்பாகத்தின் வெளி ஓ-ரிங், பிஸ்டன் சீல் நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உதடு வைத்த சீலில் உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். தூசிச் சீலின் உதடு மட்டும் வெளியே பார்க்கும்.

பாலியூரிதேன் சீலை வெந்நீரில் சில நிமிடம் போட்டு, விரலால் மடித்துப் பள்ளத்தில் விடலாம். ஸ்க்ரூடிரைவர் பட்டால் கண்ணுக்குத் தெரியாத வெட்டு விழும். சேர்க்கும்போது சீல் கம்பி வளையப் பள்ளத்தைத் தாண்டிப் போகும் இடத்தில்தான் பெரும்பாலான வீட்டு முயற்சிகள் தோற்கின்றன. அந்தப் பள்ளத்தின் கூர்விளிம்பு சீலைச் சீவிவிடும். மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி உள்ளே விட்டு, பள்ளத்தை மறைத்து, அதே ஹைட்ராலிக் எண்ணெயைத் தடவி நகர்த்த வேண்டும். கிரீஸ் வேண்டாம்.

சீல் மாற்றும் நிபுணர்களிடம் கொடுத்தால் இந்தச் சிக்கல் எல்லாம் அவர்கள் பாடு. நசுக்கி மூடிய வகையையும் திறந்து மூடும் கருவி அவர்களிடம் இருக்கும். பழையதைவிட நீடிக்கும் பொருளில் சீல் போடுவார்கள், அழுத்தத்தில் சோதித்து அனுப்புவார்கள். செலவு பொதுவாகப் புதியதன் விலையில் பாதியைத் தொடாது. அதுவரை வண்டி நிற்க வேண்டும் என்பதுதான் குறை. கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தப் பொருளில் சீல், எத்தனை பாரில் சோதனை, உத்தரவாதம் எவ்வளவு காலம். முதல் கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். ஒன்று கசிந்தால் மற்றவற்றுக்கும் அதே வயதுதான். உள்அலங்காரத்தைக் கழற்றும் கூலி ஒருமுறைதான். எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுப்பதே கணக்கு.

ஐந்தாவதாக ஒன்றைக் கடைகளில் விற்பார்கள்: எண்ணெயில் ஊற்றும் கசிவு நிறுத்தி. அது சீலை ஊத வைத்துச் சில வாரம் தள்ளிப்போடும். நொறுங்கிய சீலை ஒன்றும் செய்யாது, மற்ற நல்ல சீல்களையும் மென்மையாக்கிவிடும். விற்கப்போகிற வண்டியில் ஊற்றுகிறவர்கள் உண்டு, வாங்கப்போகிறவர்கள் கவனிக்க.

புஷ், கொக்கி, வயர்

கூரை மேலும் கீழும் போகிறது, ஆனால் முன்விளிம்பு பூட்டில் சரியாக உட்காராமல் இடிக்கிறது என்றால் கூரைச் சட்டத்தின் மூட்டுகளில் முளையைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் புஷ் (உறைவளையம்) தேய்ந்திருக்கலாம். 60 மி.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு முளைகளில் ஒன்றில் அரை மி.மீ. ஆட்டம் இருந்தால், 900 மி.மீ. தள்ளி இருக்கும் முன்விளிம்பில் அது ஏழரை மி.மீ. ஆகிவிடும். பூட்டுக் கொக்கியை வளைத்துச் சரிசெய்ய முயல்பவர்கள் விளைவைத்தான் திருத்துகிறார்கள்.

நிறுவனம் பல புஷ்களைத் தனியாக விற்பதில்லை, அது உட்காரும் கூரைச் சட்டக் கையோடு சேர்த்துத்தான் தரும். அந்த விலைக்கு மனம் வராதவர்களுக்கு அசிட்டல் என்ற கடினப் பிளாஸ்டிக் தண்டில் கடைந்த புஷ் நல்ல மாற்று. நீடிக்கும், எண்ணெய் கேட்காது. வெண்கலத்தில் கடைந்தால் புஷ் நிற்கும், அடிக்கடி கிரீஸ் வைக்காவிட்டால் முளை தேயும். முளை சட்டத்தோடு பற்றவைக்கப்பட்டிருந்தால் அது மோசமான பேரம். 3டி பிரிண்டரில் பிஎல்ஏ இழையில் அச்சிட்டதைப் போடவே வேண்டாம். அது 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகிவிடும், வெயிலில் நின்ற வண்டியின் கூரைச் சட்டம் அந்தச் சூட்டைத் தொடும்.

டிக்கி மூடியின் கீலில் மடங்கும் வயர்க்கட்டு ஆர்171-இல் அறுவது தெரிந்த கதை. முழுக்கட்டையும் மாற்றுவது சுத்தமான வேலை, செலவு கூட. அறுந்த இடத்திலேயே ஈயம் வைத்து ஒட்டினால் ஈயம் ஊறிய பகுதி விறைத்து, அதன் விளிம்பில் மறுபடி அறும். மடங்கும் பகுதியைத் தாண்டி இருபுறமும் 10 முதல் 15 செ.மீ. தள்ளி வெட்டி, நடுவில் சிலிகான் உறை போட்ட மெல்லிழை வயரைக் கொடுத்து, கிரிம்ப் (நசுக்கி இறுக்கும்) இணைப்புகளை ஒரே இடத்தில் குவிக்காமல் படிப்படியாகத் தள்ளிப் போட்டால் பழுது நிற்கும். மைக்ரோசுவிட்சைப் பிரித்துச் சுத்தம் செய்வது நேர விரயம், புதியது போடுங்கள்.

ஹைட்ராலிக்கே வேண்டாம் என்று வண்டி தேடுகிறவர்களுக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் மூன்றாம் தலைமுறை உலோகக் கூரை வகை உண்டு. கூரையை நகர்த்துவது மின்மோட்டார், 12 நொடியில் வேலை முடியும். எண்ணெய் இல்லை, அதனால் கசிவும் இல்லை. மின்சாரம் என்றாலே எளிது என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு மின்மோட்டாரால் உலோகக் கூரையை மடித்த 1957-இன் ஃபோர்டு ஸ்கைலைனர் சாட்சி: 10 ரிலே, 10 லிமிட் சுவிட்ச், 610 அடி வயர்.

மாட்டிய பிறகு

சிலிண்டர் எந்த வழியில் வந்திருந்தாலும் ஹோஸ் முனைகளின் சின்ன ஓ-ரிங்குகளைப் புதிதாகப் போடுங்கள். எண்ணெய், தொட்டி மூடியிலோ கையேட்டிலோ சொன்ன வகை மட்டுமே. பிரேக் எண்ணெயை ஊற்றினால் அத்தனை சீலும் ஊதிக் கெடும். மொத்தம் ஒரு லிட்டர் சுமாருக்குள் அடங்கும் அமைப்பு என்பதால் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் தெரியும். கூரை எந்த நிலையில் இருக்கும்போது அளவு பார்க்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். தண்டு வெளியே நீண்டிருக்கும்போது சிலிண்டர் அதிக எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். அந்த நிலையில் விளிம்புவரை நிரப்பினால், தண்டு உள்ளே போகும்போது மிச்சம் மூடி வழியே பொங்கும்.

காற்று தானாக வெளியேற நாலைந்து முறை கூரையை முழுதாகத் திறந்து மூடினால் போதும். இடையில் பம்ப் ஆறப் பத்து நிமிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் சூடேறியதும் பம்பை நிறுத்தும் பாதுகாப்பு அதைத் துண்டித்துவிடும். பம்பே போய்விட்டது என்று அலறுவீர்கள். தண்டுகளைத் துடைத்துவிட்டு, சிலிண்டர்களுக்கு அடியில் வெள்ளை அட்டை வைத்து இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். அட்டையில் சொட்டு இல்லாமல் அளவு மட்டும் குறைந்தால் பம்பின் அடிப்பக்க இணைப்புகளைப் பாருங்கள், மாற்றாமல் விட்ட ஒரு பழைய ஓ-ரிங் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கூரையின் ரப்பர் விளிம்புகளுக்கு டபிள்யூடி-40 அடிக்கும் பழக்கத்தையும் இதோடு விடுங்கள். கனிம எண்ணெயில் அந்த ரப்பர் ஊதி, கூரை மூட முடியாமல் அழுத்தும், புதுச் சீல் போட்ட சிலிண்டரின் பாரமும் ஏறும். சிலிகான் அல்லது கிரைடாக்ஸ் வகை கிரீஸை மெல்லிசாகத் தடவினால் போதும்.