முயலுக்குச் சத்திரசிகிச்சை: கழுத்தில் கோனா, உடம்பில் சட்டையா?

கருப்பை அகற்றிய பெண் முயல் வீட்டுக்கு வந்ததும், வயிற்றுத் தையலை அது கடிக்காமல் பார்ப்பதுதான் பெரும்பாடு. பூனைக்கும் நாய்க்கும் மாட்டுகிற பிளாஸ்டிக் கோன் ஒரு வழி. பழைய பருத்தி உடுப்பில் வெட்டிய சட்டை இன்னொன்று. காற்றடைத்த கழுத்து வளையத்தை இப்போதே ஒதுக்கிவிடலாம்: பெண் முயலின் தாடைக்குக் கீழே தொங்கும் மடிப்பில் அது அழுத்தி, ஈரம் தேங்கிப் புண்ணாகும்.

எங்கள் வாக்கு சட்டைக்கே. காரணம் முயலின் குடல்.

முயல் இரண்டு வகைப் புழுக்கை போடும். ஒன்று, கூட்டில் உருளும் காய்ந்த உருண்டை. மற்றது, குட்டித் திராட்சைக் குலைபோல ஒட்டி மினுங்கும் மென்மையானது. இதை நிலத்தில் விழவிடாமல் ஆசனவாயில் வாய் வைத்தே தின்றுவிடும். பி வைட்டமின்களும் புரதமும் அதில் உண்டு. கோன் மாட்டினால் வாய் அங்கே எட்டாது. பின்புற மயிரில் அது அப்பிக்கொள்ள, ஈ வந்து முட்டையிடும். புல்லைக் கடிக்கப் போனாலும் கோன் இடிக்கும். தின்னாமல் கிடக்கும் முயலுக்குச் சில மணி நேரத்திலேயே குடல் மந்தமாகிவிடும். தையலைக் காக்கப் போய்க் குடலைக் கெடுத்த கதைதான். சட்டை போட்டால் வாய் ஆசனவாய்க்கு எட்டும், தையலுக்கு எட்டாது.

வெக்கையையும் பார்க்க வேண்டும். முயல் உடல் சூட்டை வெளியேற்றுவது பெரும்பாலும் காதுகளால். கோன் அந்தக் காதுகளையே சுற்றி அடைக்கிறது. பகலில் 30 பாகை தாண்டும் கொழும்பில் இது சின்ன விஷயமல்ல. சட்டையும் சூடுதான். ஆகவே மெல்லிய பருத்தி மட்டும், பக்கத்தில் மின்விசிறி, துவாயில் சுற்றிய ஐஸ் போத்தல்.

2 கிலோ முயலுக்குப் பெரியவர்களின் டீ ஷேர்ட் கை போதும். சுமார் 20 செ.மீ. வெட்டி, முன்கால்களுக்கு 3 செ.மீ. துளை இரண்டு போடுங்கள். வயிற்றுப் பக்கம் தையலைத் தாண்டி 2 செ.மீ. மூட வேண்டும், சிறுநீர் படும் இடத்துக்கு முன்பே விளிம்பு முடிய வேண்டும். இதில்தான் பலர் தவறுவது: விளிம்பு நீண்டால் நனைந்து, ஈரத்துணி தையலோடு ஒட்டிக் கிடக்கும். உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும். மூன்று சட்டை வெட்டி வையுங்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில் துணி காயாது. இஸ்திரி போட்டு ஆறவிட்டு மாட்டுங்கள்.

கோனுக்கும் இடமுண்டு. துணியையே மென்று விழுங்கும் முயலுக்குச் சட்டை ஆபத்து. நூல் குடலை அடைக்கலாம். விதை நீக்கிய ஆண் முயலின் காயம் பின்னால் இருப்பதால் சட்டை மூடாது. அப்போதும் கண்காணிக்க ஆளில்லாத நேரத்துக்கு மட்டும் கோன். கழற்றும்போது விழுந்து கிடக்கும் மென்புழுக்கையை எடுத்து வாயருகே வையுங்கள். நீளரோம முயல்களில் சட்டை மயிரைச் சிக்காக்குமா என்பதில் எங்கள் அனுபவம் குறைவு.

எதைப் போட்டாலும் வலிமருந்தை வைத்தியர் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள். வலிக்கிற முயல்தான் தையலை நோண்டும், தின்னவும் மறுக்கும். காயத்தில் மஞ்சள் பூச வேண்டாம், நக்கிவிடும். கினிப்புல்லும் கொத்தமல்லித் தழையும் முகத்தருகே கிடக்கட்டும். அன்றிரவே கடிக்கத் தொடங்காவிட்டால், வைத்தியரைக் கேட்டு, கரைத்த நார் உணவை சிரிஞ்சில் வாயோரமாகக் கொடுங்கள்: கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 மி.லீ., நாலைந்து வேளையாக. 12 மணி நேரமாகப் புழுக்கையே இல்லையென்றால் விடியட்டும் என்று பார்த்திருக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள். கூட்டில் கடைசியாகக் கிடந்த புழுக்கையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போனால் வைத்தியருக்கு உதவும்.