தூக்கி ஓடும் கேமராவா, நிறுத்தி வைத்த கேமராவா?

ஃபவுண்ட் ஃபுட்டேஜ், அதாவது பாத்திரங்களே எடுத்த வீடியோ பிறகு கண்டெடுக்கப்பட்டதுபோல் காட்டும் பேய்ப்படம் என்றதும் இருட்டுக் காட்டில் மூச்சிரைக்க ஓடும் கேமராதான் பலருக்கும் கண்முன் வரும். அதே வகையில் இன்னும் இரண்டு கிளைகள் இருக்கின்றன. கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு ஆட்கள் தூங்கப் போய்விடுவது ஒன்று. கணினித் திரையையே முழுப்படமாகக் காட்டும் ஸ்கிரீன்லைஃப் இன்னொன்று. ராத்திரி வீட்டில் ஒரே ஒரு படம் பார்க்கப் போகிறீர்கள் என்றால், நிறுத்தி வைத்த கேமராவுக்குத்தான் என் ஓட்டு.

செலவு குறைவு, தெரியாத முகங்கள், பின்னணி இசை இல்லாமை ஆகியவை மூன்றுக்கும் பொது. அதை நீட்ட வேண்டியதில்லை.

தூக்கி ஓடும் கேமராவின் பெரிய பலம் உடம்புக் களைப்பு. 1999-இல் வெளியான 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலக் காட்டில் எட்டே நாளில் எடுக்கப்பட்டது. ஹை8 வீடியோ கேமராவையும் 16 எம்.எம். ஃபிலிம் கேமராவையும் மூன்று நடிகர்களே சுமந்து படம்பிடித்தார்கள். அன்றன்றைக்கு என்ன நடிக்க வேண்டும் என்ற குறிப்பு ஃபிலிம் டப்பாவுக்குள் கிடைக்கும். நாள் போகப்போகச் சாப்பாட்டின் அளவு குறையும். அந்த மூன்று பேரின் எரிச்சலில் பாதிக்கு மேல் நிஜம் என்பது பார்த்தாலே தெரியும்.

குறை என்றால் முதலில் தலைசுற்றல். கண் 'ஆடுகிறேன்' என்கிறது, உள்காது 'அசையவே இல்லை' என்கிறது. அந்த முரண்பாடுதான் குமட்டலாக மாறுகிறது. 2008-இல் 'குளோவர்ஃபீல்டு' வந்தபோது அமெரிக்காவில் சில தியேட்டர்களின் வாசலிலேயே எச்சரிக்கை ஒட்டினார்கள். டிவியிலிருந்து நாலடி பின்னால் தள்ளி உட்கார்ந்து, கண்ணோரத்தில் அசையாத சுவர் தெரியும்படி ஒரு சிறு விளக்கைப் போட்டால் குமட்டல் குறையும். ஆனால் விளக்கைப் போட்டால் பயமும் குறையும்.

தலைசுற்றலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் தீர்ப்பை முடிவுசெய்வது வேறொரு கேள்வி: உயிர் போகிற நேரத்தில் இவன் ஏன் இன்னும் படம்பிடித்துக்கொண்டிருக்கிறான்? இந்தக் கேள்வி மனதில் எழுந்த நொடியில் பயம் வடிந்துவிடும். தூக்கி ஓடும் படம் ஒவ்வொன்றும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. பிளேர் விட்ச் அதை நேரடியாகவே எதிர்கொள்கிறது: கேமரா வழியாகப் பார்த்தால் இது நிஜம்போலவே இல்லை, அதனால்தான் உனக்கு இது பிடித்திருக்கிறது என்று ஒரு பாத்திரமே இன்னொரு பாத்திரத்திடம் சொல்கிறான். ஸ்பானிய மொழியில் 2007-இல் வந்த 'ரெக்' இன்னும் கெட்டிக்காரத்தனமாகத் தப்பிக்கிறது. கேமராவைத் தூக்கியிருப்பவன் டிவி ஒளிப்பதிவாளன், படம்பிடிப்பது அவன் வேலை. கடைசியில் மேல்மாடி இருட்டில் அந்தக் கேமராவின் இரவுப்பார்வை இல்லாமல் அவனாலும் கூட வந்த பெண் நிருபராலும் எதையும் பார்க்கவே முடியாது. கையிலிருக்கும் கேமராவுக்கு இதைவிட நல்ல காரணம் வேறெந்தப் படத்திலும் கிடைப்பது அபூர்வம்.

நிறுத்தி வைத்த கேமராவுக்கு இந்தக் காரணமே தேவையில்லை. யாரும் அதைப் பிடித்திருக்கவில்லை. இயக்குநர் ஓரன் பெலி தன் சொந்த வீட்டில், ஏறக்குறைய 15,000 டாலர் செலவில் எடுத்த 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டகத்தில் ஒரு கட்டில், பக்கத்தில் திறந்தே கிடக்கும் கதவு, அதற்கு அப்பால் இருண்ட நடைவழி, ஓரத்தில் நேரம் காட்டும் எண்கள். தூங்கும் மணிநேரங்கள் வேகமாக ஓடுகின்றன. திடீரென்று எண்கள் சாதாரண வேகத்துக்கு வருகின்றன. இன்னும் எதுவுமே நடக்கவில்லை, ஆனால் மூச்சு நின்றுவிடுகிறது. தூக்கிய கேமரா எங்கே பார்க்க வேண்டும் என்று நமக்குக் காட்டிவிடும். இங்கே கதவையும் போர்வையையும் நடையையும் நாமேதான் துழாவ வேண்டும்.

கடைசி இரவைக் கவனியுங்கள். கீழ்த்தளத்தில் அலறல் கேட்கிறது. கட்டிலில் இருந்தவன் ஓடுகிறான். கேமரா ஓடுவதில்லை. காலிக் கட்டிலும் திறந்த கதவும் கீழிருந்து வரும் சத்தமும்தான் மிச்சம். அவனோடு கேமராவும் ஓடியிருந்தால் குலுங்கும் சுவரும் தரையும்தான் கிடைத்திருக்கும்.

இந்தப் பாணியின் குறை, அது சீக்கிரம் பழகிவிடுவது. எந்த மூலையிலிருந்து பயம் வரும் என்று நாலாவது இரவிலேயே நமக்குப் பிடிபட்டுவிடும். இரண்டாம் பாகம் வீடு முழுக்கக் கண்காணிப்புக் கேமராக்களைப் பொருத்தியது. கண் சிதறியதுதான் மிச்சம். 2011-இல் வந்த மூன்றாம் பாகம் வழி கண்டுபிடித்தது. தலையாட்டும் மேசை மின்விசிறியின் அடிப்பாகத்தில் கேமராவைப் பொருத்தினார்கள். அது சமையலறையிலிருந்து கூடத்துக்கும் திரும்பச் சமையலறைக்கும் ஒரே வேகத்தில் நகர்கிறது. இந்தப் பக்கம் எதையோ பார்த்துவிட்டோம், கேமரா அந்தப் பக்கம் போய்விட்டது, அது திரும்பிவரும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அவசரமே படாத கேமரா எவ்வளவு கொடூரமானது என்பதை அந்தச் சில நொடிகள் காட்டிவிடும்.

ஸ்கிரீன்லைஃபில் 2020-இன் 'ஹோஸ்ட்' போதும். ஊரடங்கு நேரத்தில் நடிகர்கள் தங்கள் வீட்டில் கேமராவையும் விளக்கையும் தாங்களே அமைத்து நடித்த ஜூம் அழைப்பு அது. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இதை டிவியில் போடாதீர்கள், மடிக்கணினியில் பாருங்கள். பாதி பயம் அதில்தான் இருக்கிறது. இந்தச் செயலிகளின் முகப்பு மாறியபின் இப்படங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்பது போகப்போகத்தான் தெரியும். ஒளிநாடாவின் புள்ளிகளுக்கு வந்த பழமையழகு ஜூம் கட்டங்களுக்கும் வரலாம், வராமலும் போகலாம்.

நிறுத்தி வைத்த கேமராவைத் தேர்ந்தெடுத்தால் முன்னேற்பாடு கொஞ்சம் வேண்டும். டிவியில் அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள்; அது படத்தின் இயல்பான அசைவைக் கெடுத்துவிடும். படத்தின் நிற அமைப்பு 'விவிட்' என்றிருந்தால் 'சினிமா'வுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் அந்த நடையின் இருட்டு ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். இணைய வேகம் குறைவாக இருந்தால் அதே இடத்தில் சதுரம் சதுரமாகப் புள்ளிகள் தெரியும். முன்பே தரவிறக்கி வைப்பது நல்லது. சத்தத்துக்கு டிவியின் சிறிய ஸ்பீக்கர் போதாது. ஏதோ நெருங்குவதற்கு முன் அடிவயிற்றில் உறுமும் அந்த ஆழ்ந்த ஒலியை அது விழுங்கிவிடும். நல்ல ஹெட்போன் போடுங்கள். போனில் மட்டும் வேண்டாம். கதவு விரலகலம் நகர்வது அந்தத் திரையில் தெரியவே தெரியாது.